குடல் அழற்சி நோயுள்ள பிள்ளைகள்: வருடக்கணக்கான சிகிச்சை பற்றி யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

குரோன் நோய், அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் ஆகிய இரண்டையும் சேர்த்துத்தான் குடல் அழற்சி நோய் என்கிறோம். நோய் இதுதான் என்று தெரிந்த முதல் கிழமையில் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: ஏன் வந்தது, என்ன சாப்பிடக் கொடுப்பது? ஒரு வருடம் போன பிறகுதான் மற்றக் கேள்விகள் வரும். எத்தனை வருடத்துக்குக் குளிசை? பிள்ளை வளருமா? வெட்டுவார்களா? நாளைக்குக் கலியாணம்? அந்தக் கேள்விகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியர்தான் முடிவு செய்வார். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு கிளினிக்குக்குப் போக இது உதவும்.

வயிற்றோட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாறதுதானே. இதில என்ன வித்தியாசம்?

கிருமியால் வரும் வயிற்றோட்டம் பெரும்பாலும் ஒரு கிழமையில், கூடினால் இரண்டு கிழமையில் அடங்கிவிடும். இரத்தமும் சளியுமாக மூன்று நான்கு கிழமை தொடர்ந்தாலோ, பிள்ளை நடு இரவில் நித்திரையால் எழும்பிக் கக்கூசுக்கு ஓடினாலோ, பூச்சி மருந்தும் அன்ரிபயோற்றிக்கும் கொடுத்துப் பார்த்தும் மாறாவிட்டாலோ மேலே தேடிப் பார்க்கத்தான் வேண்டும். குரோன் நோய் வயிற்றோட்டமே இல்லாமலும் வரும். சாப்பாட்டில் மனமில்லை, நிறை ஏறவில்லை, வாயில் அடிக்கடி புண், மலவாசலில் சீழ்க்கட்டி, காரணம் தெரியாத இரத்தச்சோகை என்று பல மாதம் இழுபடும். பிள்ளை பிறந்தபோது தந்த சுகாதாரப் பதிவேட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஐந்து வயது வரை ஒரே கோட்டில் ஏறிவந்த நிறை அதன்பிறகு எப்படிப் போனது என்பதைப் பார்த்தால், வாயால் சொல்ல முடியாத கதை அதில் இருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி குடலில் வழமையாக வாழும் கிருமிகளுக்கு எதிராக அளவுக்கு மீறிக் கிளம்பி, குடல் சுவரையே புண்ணாக்குகிறது. அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் பெருங்குடலின் உட்தோலோடு நிற்கும். குரோன் நோய் வாயிலிருந்து மலவாசல் வரை எங்கேயும் வரலாம். சுவரின் முழுத் தடிப்பையும் தின்னும். அதனால்தான் அதில் குடல் ஒடுங்குவதும், துளை விழுந்து பக்கத்தில் வழி திறப்பதும் நடக்கின்றன.

வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம் எண்டு சொல்லுகினம். எங்கட பிள்ளைகளுக்கும் வருமோ?

வரும். கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் ஆஸ்பத்திரிகளை வைத்துச் செய்து 2010இல் வெளியான கணக்கெடுப்பில், ஒரு இலட்சம் பேருக்கு 5.3 பேர் அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் உள்ளவர்களாகவும் 1.2 பேர் குரோன் நோய் உள்ளவர்களாகவும் இருந்தார்கள். மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனாலும் இங்கே இருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இன்னொரு விடயமும் தெரியவந்தது. தெற்காசியாவில் இருந்து போய்க் குடியேறிய பெற்றோருக்கு இந்நோய் குறைவாக இருக்க, அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கு மற்றக் கனடியப் பிள்ளைகளுக்கு உள்ள அதே அளவு வாய்ப்பு இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் சித்தியின் பிள்ளைக்கும் இதே வருத்தம் என்று கேள்விப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். பரம்பரையோடு வளரும் சூழலும் சேர்ந்துதான் இதைக் கொண்டுவருகிறது. நீங்கள் கொடுத்த ஏதோ ஒரு சாப்பாட்டால் வந்தது என்று உங்களை நீங்களே நோக வேண்டியதில்லை.

முதலில காசநோய் மருந்து தந்தார்கள், பிறகு குரோன் எண்டு மாத்தினார்கள். ஆர் பிழை விட்டது?

ஒருவரும் பிழை விடவில்லை. குடலில் வரும் காசநோயும் குரோன் நோயும் ஸ்கோப்பில், அதாவது கமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்த்தால், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டுக்கும் பிடித்த இடம் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திதான். சதைத் துண்டு எடுத்துப் பார்த்தும் சிலவேளை பிரிக்க முடியாது. காசநோய் உள்ள பிள்ளைக்குக் குரோன் நோய் என்று நினைத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் காசநோய் உடல் முழுக்கப் பரவும். அதனால் சந்தேகம் தீராத இடத்தில் முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் புண் ஆறுகிறதா என்று திரும்ப ஸ்கோப் செய்து பார்ப்பார்கள். நம்முடைய நாட்டில் இது சரியான எச்சரிக்கை. ஆனால் திரும்பப் பார்க்கும் திகதி குறித்திருக்க வேண்டும். ஆறுகிறதா என்று பார்க்காமல் மாதக்கணக்காக இழுத்தால், அவ்வளவு காலமும் குரோன் நோய் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இந்த வருத்தம் முழுசா மாறுமோ?

குரோன் நோயை வேரோடு எடுக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. அல்சரேற்றிவ் கொலைற்றிஸில் பெருங்குடலை எடுத்துவிட்டால் அந்தக் குடலின் நோய் போய்விடும், ஆனால் அது கடைசி வழி. நோயை அடக்கி வைக்கலாம், வருடக்கணக்காக அடக்கி வைக்கலாம். அடங்கிய காலத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், விளையாடும், வளரும்.

ஆனால் அடங்குவது என்றால் என்ன என்பதில் வைத்தியர்களின் எண்ணம் மாறிவிட்டது. முன்பு வயிற்றுவலி இல்லை, இரத்தம் போகவில்லை என்றால் போதும் என்று விட்டார்கள். பிறகு பார்த்தால் வலியில்லாத பிள்ளைகளின் குடலிலும் புண் இருந்தது. சத்தமில்லாமல் இருந்த அந்தப் புண்தான் நாலைந்து வருடத்தில் குடலை ஒடுக்கியது. 2021இல் உலக நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட இலக்குகளில் அறிகுறி குறைவது முதற்படி மட்டுமே. அழற்சியைக் காட்டும் சிஆர்பி இரத்தப் பரிசோதனையும், மலத்தில் பார்க்கும் கல்புறொட்டெக்ரின் என்ற அழற்சிப் புரதமும் இறங்க வேண்டும். பிள்ளை தன் வயதுக்கேற்ப வளர வேண்டும். ஸ்கோப்பில் பார்த்தால் புண் ஆறியிருக்க வேண்டும். கல்புறொட்டெக்ரின் ஒரு கிராம் மலத்தில் 250 மைக்கிரோகிராமுக்கு மேல் இருந்தால், பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தாலும் உள்ளே நோய் எரிகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பத்துப் பதினைஞ்சு வருசத்தில என்ன நடக்கும்? மறைக்காமல் சொல்லுங்கோ.

பிள்ளையில் தொடங்கும் நோய், பெரியவரில் தொடங்குவதைவிடப் பரந்து பிடிக்கும். ஸ்கொட்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கொலைற்றிஸ் வந்த பிள்ளைகளில் 5 பேருக்கு 4 பேர் என்ற அளவில் பெருங்குடலின் பெரும்பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. பெரியவர்களில் அது பாதியளவுதான். அதனால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வலுவான மருந்து வேண்டியிருக்கிறது.

குரோன் நோய்க்கு வடபிரான்சின் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1988க்கும் 2002க்கும் இடையில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட 404 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 3 வருடத்துக்குள் 20 சதவீதமானவர்களுக்கும் 5 வருடத்துக்குள் 34 சதவீதமானவர்களுக்கும் குடலில் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. இணையத்தில் தேடும் பெற்றோர் இந்த மாதிரி எண்ணைப் பார்த்துத்தான் பயந்துபோய் வருகிறார்கள். அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும், நாளத்தால் ஏற்றும் இன்ஃபிளிக்சிமாப் போன்ற மருந்துகள் இன்றைக்குப் போலப் பாவனையில் இல்லாத காலத்துக் கணக்கு அது என்பதை மறக்கக் கூடாது.

புதிய காலத்துக் கணக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்து வந்தது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் உள்ள சுப்ரா குகதாசன் முன்னின்று எழுதிய ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. புதிதாகக் குரோன் நோய் தெரிந்த 913 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். முதல் 90 நாளுக்குள் இன்ஃபிளிக்சிமாப் வகை மருந்து தொடங்கியவர்களில், குடல் துளைபட்டு வழி திறக்கும் சிக்கல் வெகுவாகக் குறைந்திருந்தது. குடல் ஒடுங்குவதை மட்டும் அந்த மருந்தால் அதே மாதிரித் தடுக்க முடியவில்லை. இந்த இரண்டாவது விடயத்தையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் முடிவு பிறகு வரும் பல வருடங்களைத் தீர்மானிக்கிறது, ஆனால் எந்த மருந்தும் எல்லாவற்றையும் தடுக்காது.

கொலைற்றிஸுக்கு 2019இல் வந்த வட அமெரிக்க ஆய்வில் 428 பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு வருட முடிவில் 38 சதவீதமானவர்கள் குடலின் உட்தோல் அழற்சியைத் தணிக்கும் மெசலசீன் குளிசையோடு மட்டும், ஸ்ரெறொயிட் இல்லாமல், நோய் அடங்கி இருந்தார்கள். மற்றவர்களில் பலருக்கு மேலதிக மருந்து தேவைப்பட்டது. ஆகவே மெசலசீனால் சரிவரவில்லை என்றால் உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏதோ நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஆறு வயதுக்கு முன்பே, அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே தொடங்கும் நோய் வேறு கணக்கு. அங்கே சிலவேளை ஒரேயொரு மரபணுக் குறைதான் காரணமாக இருக்கும்; சில குறைகளுக்கு எலும்பு மச்சை மாற்றுத்தான் சிகிச்சை. அப்படிப்பட்ட குழந்தையைத் தாமதிக்காமல் சிறுவர் குடல்நோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

வகுப்பில எல்லாரிலும் கட்டையாக நிக்கிறான். வளருவானோ?

இந்த நோயில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். அழற்சி இரத்தத்தில் ஓடவிடும் இரசாயனங்கள் வளர்ச்சி ஓமோனின் வேலையைக் கெடுக்கின்றன; அதோடு சாப்பாடும் குறைவு, உறிஞ்சுவதும் குறைவு, ஸ்ரெறொயிட் கொடுத்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். குரோன் நோய் உள்ள ஆண் பிள்ளைகள் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள். பருவமடைவதும் தள்ளிப்போகும்.

நோயை நன்றாக அடக்கினால் விட்ட உயரத்தைப் பிள்ளை எட்டிப் பிடிக்கும். ஆனால் அது எலும்பின் வளர்முனைகள் மூடும் வரைதான். பருவமடைதல் முடியும் கட்டத்தில் அந்த முனைகள் ஒட்டிவிடும், அதன்பிறகு எந்த மருந்தாலும் ஒரு அங்குலமும் கூடாது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்பதும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு அப்படிச் சொல்வதும் ஒன்றல்ல. ஒவ்வொரு கிளினிக்கிலும் உயரத்தை அளந்து வரைபடத்தில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக்கில் சனம் கூடிய நாளில் நிறையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவது உண்டு. வீட்டுச் சுவரில், செருப்பில்லாமல் நிற்கவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வைத்தாலும் அது பெரிய உதவி.

கை எக்ஸ்றே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கலாம். விற்றமின் டியையும் பார்க்க வேண்டும். இவ்வளவு வெயில் அடிக்கும் யாழ்ப்பாணத்தில் அது குறையுமா என்று கேட்பார்கள், குறையும். வருத்தமென்று வீட்டுக்குள்ளே வைத்திருக்கும் பிள்ளைக்குக் கட்டாயம் குறையும்.

ஸ்ரெறொயிட் குடுத்த உடனே பிள்ளை நல்லா வந்திட்டாள். அதையே தொடர்ந்து குடுத்தால் என்ன?

பிறெட்னிசொலோன் என்ற ஸ்ரெறொயிட் குளிசை நெருப்பை வேகமாக அணைக்கும். பத்து நாளில் பசி வரும், இரத்தம் நிற்கும், முகம் தெளியும். அதைப் பார்த்த அம்மாவுக்கு அந்தக் குளிசையில் வரும் நம்பிக்கை எனக்கு விளங்குகிறது. ஆனால் அது குடல் புண்ணை ஆற்றுவதில் பலவீனமானது, நோய் திரும்ப வராமல் காப்பதில் பயனே இல்லை. தொடர்ந்து கொடுத்தால் உயரம் நின்றுவிடும், எலும்பு நொய்ந்துபோகும், முகம் வீங்கும், சீனி ஏறும், கண்ணில் வெண்படலம் வரும், தொற்றுகள் கூடும். ஒரு சிகிச்சைத் திட்டம் நல்லதா என்று பார்க்க நான் முதலில் கேட்பது, கடந்த பன்னிரண்டு மாதத்தில் பிள்ளை எத்தனை தடவை ஸ்ரெறொயிட் எடுத்தது என்பதைத்தான். குறைக்கக் குறைக்க நோய் கிளம்புகிறது, திரும்பக் கூட்டுகிறோம், திரும்பக் குறைக்கிறோம் என்று ஒரு வருடம் ஓடினால் மருந்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இன்னொன்று. பல கிழமையாக எடுத்த ஸ்ரெறொயிட்டை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். திடீரென்று விட்டால் பிள்ளை மயங்கி விழும் நிலைகூட வரும். முடிந்தது என்று பார்மசிக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள்.

ஆறு கிழமைக்கு வெறும் திரவ உணவு மட்டும் குடிக்கச் சொல்லுகினம். இது மருந்தோ, பட்டினியோ?

மருந்துதான். குரோன் நோய் உள்ள பிள்ளைக்குச் சாதாரண சாப்பாட்டை முழுதாக நிறுத்தி, எல்லாச் சத்தும் உள்ள திரவ உணவை மட்டும் 6 முதல் 8 கிழமை கொடுத்தால், 10 பேரில் ஏறக்குறைய 8 பேருக்கு நோய் அடங்கும். ஸ்ரெறொயிட்டுக்குச் சமமாக அடக்கும், குடல் புண்ணை அதைவிட நன்றாக ஆற்றும், நிறையும் ஏறும், ஸ்ரெறொயிட்டின் பக்க விளைவுகளும் இல்லை. ஐரோப்பிய வழிகாட்டல்கள் பிள்ளைகளுக்கு இதையே முதலில் வைக்கின்றன. கொலைற்றிஸுக்கு இது வேலை செய்யாது.

கஷ்டம் வீட்டில்தான். மற்றவர்கள் புட்டும் கறியும் சாப்பிடும்போது ஒரு பிள்ளை போத்தலோடு இருக்க வேண்டும். முதல் கிழமைதான் கடுமை. அந்தக் கிழமை மட்டுமாவது கறி தாளிக்கும் நேரத்தில் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். அம்மம்மா பாவம் பார்த்து ஒரு வாய் சோறு ஊட்டிவிடுவார். அவருக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். குடிக்க முடியாவிட்டால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டும் கொடுக்கலாம். திரவ உணவின் விலை பல குடும்பங்களுக்குத் தாங்காது என்பது உண்மை. அதை வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பாதித் திரவ உணவும், தெரிந்தெடுத்த எளிய வீட்டுச் சாப்பாடும் சேர்த்துச் செய்யும் முறை ஒன்றும் 2019இல் நல்ல பலன் காட்டியிருக்கிறது. அதையும் உணவு ஆலோசகரின் துணையோடுதான் செய்ய வேண்டும்.

அசதியோபிறின் குளிசை வருசக்கணக்காக எடுக்கலாமோ? ஏன் அடிக்கடி இரத்தம் குத்துகினம்?

அது எதிர்ப்புச் சக்தியை அடக்கி நோயைக் கட்டுப்படுத்தும், மெதுவாக வேலை செய்யும் மருந்து. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் எடுக்கும். சரிவந்தால் வருடக்கணக்காக எடுக்கலாம். வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா, ஈரல் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் இரத்தப் பரிசோதனை. தெற்காசியர்களிடம் காணப்படும் என்யூடிடி15 என்ற மரபணு மாற்றம் இருந்தால், சின்ன அளவிலேயே வெள்ளை அணுக்கள் சடாரென்று விழும். தொடங்கிய சில கிழமையில் பிள்ளையின் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் உடனே வாருங்கள், வெள்ளை அணுக்கள் விழுவதற்கு அது முன் அறிகுறியாக இருக்கலாம். குளிசையோடு காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

இன்ஃபிளிக்சிமாப் ஏத்த வேணும் எண்டு சொல்லுகினம். ஒரு தடவை பிந்தினால் பரவாயில்லையோ?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். முதலாவது ஏற்றி 2ஆம், 6ஆம் கிழமையிலும், பிறகு 8 கிழமைக்கு ஒரு தடவையும் ஏற்றுவது வழமை. 2007இல் வெளியான ஆய்வில் 112 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 10ஆம் கிழமையில் 88 சதவீதமானவர்களுக்குப் பலன் தெரிந்தது. பிறகு சிலருக்கு 8 கிழமைக்கு ஒரு தடவையும், சிலருக்கு 12 கிழமைக்கு ஒரு தடவையும் ஏற்றினார்கள். ஒரு வருடம் முடிந்தபோது முதல் குழுவில் ஏறக்குறைய 56 சதவீதமானவர்கள் நோய் அடங்கி இருக்க, இரண்டாவது குழுவில் 24 சதவீதமானவர்களே அப்படி இருந்தார்கள். வித்தியாசம் நாலு கிழமை மட்டும்தான்.

இடைவெளி நீண்டால் மருந்தின் அளவு இரத்தத்தில் விழும்; உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து எதிர்ப்புப் பொருள் உண்டாக்கும். பிறகு திரும்ப ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம், மருந்தே வேலை செய்யாமல் போகலாம். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்தபோது மருந்துத் தட்டுப்பாட்டை எல்லோரும் அனுபவித்தோம். அதனால் அடுத்த தடவைக்குரிய மருந்து கையிருப்பில் உள்ளதா என்று இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கொழும்புக்குப் போய் ஏற்ற வேண்டியவர்கள் நானூறு கிலோமீற்றர் போய் அங்கே இல்லை என்று கேட்பது கொடுமை. போக முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். மூல மருந்துக்குப் பதிலாக, அதைப் போலவே வேறு கம்பனி செய்யும் பயோசிமிலர் தந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் நன்றாக வேலை செய்கிறது, விலையும் குறைவு.

தொடங்குவதற்கு முன் நெஞ்சு எக்ஸ்றேயும் காசநோய்ப் பரிசோதனையும் ஈரல் அழற்சி பி பரிசோதனையும் செய்தாக வேண்டும். வீட்டில் யாருக்காவது நாட்பட்ட இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இதே வகையைச் சேர்ந்த அடலிமுமாப், வீட்டிலேயே தோலின் கீழ் போடும் ஊசி.

இப்ப இரண்டு வருசமாக ஒரு கரைச்சலும் இல்லை. மருந்தை நிப்பாட்டலாமோ?

கரைச்சல் இல்லாமல் இருப்பதே மருந்து வேலை செய்வதால்தான். பெரியவர்களில், இன்ஃபிளிக்சிமாபும் அசதியோபிறினும் எடுத்து நன்றாக அடங்கியிருந்த 115 பேரில் இன்ஃபிளிக்சிமாபை நிறுத்திப் பார்த்தபோது, ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 44 சதவீதமானவர்களுக்கு நோய் திரும்பியது. வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஆபத்தை எடுக்க எனக்கு மனம் வராது. இரண்டு மருந்து எடுக்கும் பிள்ளைக்கு ஒன்றைக் குறைக்கலாமா என்று கேட்பது வேறு, அது நியாயமான கேள்வி. அதைப் பேசும்போது ஸ்கோப்பில் புண் ஆறியிருக்கிறதா, கல்புறொட்டெக்ரின் எவ்வளவு, பிள்ளை வளர்ந்து முடிந்ததா என்ற மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

பதின்மூன்று பதினான்கு வயதில் பிள்ளை தானாகவே குளிசையை விடும். தலையணைக்குக் கீழேயும் பாட்டாப் பெட்டிக்குள்ளேயும் குளிசைகள் கிடந்து எடுக்கப்படுவது புதினமல்ல. ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த தடவை இன்னும் நன்றாக ஒளிக்கும். ஏன் கசக்கிறது, யார் பகிடி பண்ணினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல் தீட்டும் நேரத்தோடு சேர்த்து ஒரே நேரத்தில் எடுக்கும் பழக்கம் பெரும்பாலும் கைகொடுக்கும்.

வெட்ட வேண்டி வருமோ?

சிலருக்கு வரும். குரோன் நோயில் ஒடுங்கிய துண்டை வெட்டி மிச்சத்தைப் பொருத்துவார்கள். வெட்டிய இடத்திலேயே நோய் திரும்ப வரலாம், அதனால் பிறகும் மருந்தும் ஸ்கோப்பும் வேண்டும். இருந்தும் சரியான நேரத்தில் செய்த சத்திரசிகிச்சையைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். சிறிய துண்டு ஒன்றில் மட்டும் நோய் உள்ள, வளராமல் நிற்கும் பிள்ளைக்கு அது சிலவேளை வளர்ச்சியைத் திரும்பத் தரும்.

கொலைற்றிஸில் அவசர நிலை ஒன்று உண்டு. பிள்ளை ஒரு நாளில் பல தடவை வெறும் இரத்தமாகப் போய், காய்ச்சலும் வயிற்று ஊதலும் நாடித்துடிப்பு வேகமும் இருந்தால் அன்றைக்கே வாட்டில் சேர்க்க வேண்டும். நாளத்தால் ஸ்ரெறொயிட் கொடுத்து 3ஆம் நாளும் 5ஆம் நாளும் நோய் எவ்வளவு அடங்கியது என்று கணக்குப் பார்ப்பார்கள். ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு அது போதாது. இன்ஃபிளிக்சிமாப் அல்லது சைக்குளோஸ்போரின் தேவைப்படும். அதற்கும் அடங்காவிட்டால் பெருங்குடலை எடுப்பது உயிரைக் காக்கும். அந்த நேரத்தில் ஒப்பம் வைக்கத் தயங்கி நாட்களைக் கடத்துவதுதான் ஆபத்து.

தூள் போட்ட கறி குடுக்கலாமோ? பத்தியம் என்ன?

மிளகாய்த்தூள் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. கிளம்பியிருக்கும் நேரத்தில் உறைப்பு எரிச்சலைக் கூட்டும், அப்போது குறையுங்கள். அடங்கிய பிறகு வீட்டில் சமைக்கும் சோறு, மீன், முட்டை, கீரை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் என்று சொல்லி ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, சோறும் இரசமும் மட்டும் கொடுத்து வளர்த்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நோய் செய்த கெடுதலோடு பத்தியம் செய்த கெடுதலும் சேர்ந்திருக்கும். கடைப் பக்கற்றுகளையும் சோடாவையும் சொசேஜஸையும் குறைப்பது நல்லது.

குடல் ஒடுங்கிய பிள்ளைக்கு மட்டும் தனிக் கவனம். பனங்கிழங்கின் தும்பு, முருங்கைக்காய்ச் சக்கை, நல்லூர்த் திருவிழாவில் வாங்கும் கச்சான், சோளம், நன்றாக மெல்லாத பலாக்கொட்டை போன்றவை ஒடுங்கிய இடத்தில் போய் அடைக்கும். வயிறு ஊதி, பிடித்துப் பிடித்து வலித்து, சத்தி எடுத்தால் சாப்பாட்டை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். முழுநாள் விரதம் நோயுள்ள பிள்ளைக்கு வேண்டாம். கடவுள் கோபிக்க மாட்டார்.

வலிக்குப் பனடோல் கொடுக்கலாம். ஐபுபுறுபன், டைக்குளோபெனாக் வேண்டாம், அவை நோயைக் கிளப்பலாம்.

சித்த மருந்தும் பார்க்கலாமோ?

சித்த வைத்தியத்தில் நம்பிக்கை உள்ள குடும்பங்கள் இங்கே ஏராளம், அதை மதிக்கிறேன். இரண்டு விடயம் மட்டும் கேட்கிறேன். ஓடுகிற மருந்தை நிறுத்திவிட்டுத் தொடங்காதீர்கள். எடுப்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அசதியோபிறினும், அதைப் போலவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெதொட்றெக்ஸேற்றும் ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகள். என்னவென்று தெரியாத சூரணமோ பஸ்பமோ சேர்ந்து ஈரல் கெட்டால் எது கெடுத்தது என்று பிரிக்க முடியாது.

தடுப்பூசி?

உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த தடுப்பூசிகளை, எம்எம்ஆர், கொப்பளிப்பான் போன்றவற்றை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்கும்போது போடக் கூடாது. ஆகவே சிகிச்சை தொடங்கும் நாளிலேயே தடுப்பூசி அட்டையைக் காட்டி விடுபட்டது இருக்கிறதா என்று பாருங்கள். மற்றத் தடுப்பூசிகளைப் போடலாம், போடவும் வேண்டும்.

இந்த மருந்துகளால புற்றுநோய் வருமோ?

அசதியோபிறின் எடுப்பவர்களில் நிணநீர்ப் புற்று சற்றுக் கூடுதலாக வருகிறது. வருடத்துக்கு 10,000 பேரில் ஒரு சிலர் என்ற அளவிலான ஆபத்து அது. இன்ஃபிளிக்சிமாபோடு சேர்த்து நீண்டகாலம் எடுக்கும் இளம் ஆண்களில் மிக அரிதான கடுமையான வகை ஒன்று காணப்பட்டதால், பையன்களுக்கு மெதொட்றெக்ஸேற்றைச் சிலர் விரும்புகிறார்கள். அடக்காமல் விட்ட பெருங்குடல் அழற்சியும் வருடங்கள் போகப் புற்றுக்கு வழிவிடும், இதைப் பலர் மறக்கிறார்கள். நோய் தொடங்கி 8 முதல் 10 வருடத்தில் கண்காணிப்பு ஸ்கோப் தொடங்க வேண்டும். ஈரலின் பித்தக் குழாய்களிலும் நோய் இருந்தால் ஒவ்வொரு வருடமும்.

சோதினை எழுதுறது எப்பிடி? பள்ளிக்கூடத்துக்குச் சொல்லலாமோ?

சொல்லுங்கள். வகுப்பாசிரியருக்கும் அதிபருக்கும் ஒரு வைத்தியக் கடிதம் போதும்: கேட்காமலே கக்கூசுக்குப் போக அனுமதி, கதவுக்குக் கிட்ட இருக்கை, கிளினிக் நாளில் விடுமுறை. புலமைப்பரிசிலோ சாதாரண தரமோ வரும் வருடத்தில் மருந்து ஏற்றும் திகதிகளைச் சோதினை நாட்களோடு முன்கூட்டியே ஒத்துப் பாருங்கள். இந்நோய் உள்ள பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல். ரியூசனுக்குப் போக மறுப்பது சோம்பல் என்று முடிவெடுக்க முன், அங்கே கக்கூசு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நாளைக்குக் கலியாணம், பிள்ளை பெறுறது?

இரண்டும் நடக்கும். நோய் அடங்கி இருக்கும் காலத்தில் கருத்தரித்தால் பெரும்பாலான பெண்கள் நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள். அசதியோபிறினையும் இன்ஃபிளிக்சிமாபையும் கர்ப்பத்தில் பெரும்பாலும் தொடருவார்கள். மெதொட்றெக்ஸேற் கருவைக் கெடுக்கும், அதை முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். மெசலசீன் வகையைச் சேர்ந்த சல்பசலசீன் ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும், நிறுத்தினால் திரும்பும். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை. சம்பந்தம் பேசும்போது மறைக்கலாமா என்று கேட்கும் அம்மாக்களுக்கு என் பதில் ஒன்றுதான்: மறைத்தால் அந்தப் பெண் புகுந்த வீட்டில் குளிசையை ஒளித்துப் போட வேண்டி வரும், பிறகு போடாமலே விட்டுவிடுவாள்.

பெரியாக்களின்ர கிளினிக்குக்கு மாத்தப் போகினம். என்ன செய்ய வேணும்?

திடீரென்று மாற்றினால் பிள்ளை இரண்டு கிளினிக்குக்கும் நடுவில் விடுபட்டுப்போகும். அப்படிக் காணாமல் போய், ஒரு வருடம் மருந்தில்லாமல் இருந்து, அவசர வாட்டில் திரும்பி வருவது நடக்கிற கதை. பதினாலு வயதிலிருந்தே கிளினிக்கில் ஒரு பகுதி நேரமாவது பிள்ளை தனியே வைத்தியரோடு பேசட்டும். தன் நோயின் பெயர், எந்தக் குடல் பகுதி, எந்தக் குளிசை எத்தனை மில்லிகிராம் என்பதைப் பிள்ளையே சொல்ல வேண்டும். ஒரு கோப்பில் முதல் ஸ்கோப் அறிக்கை, சதைப் பரிசோதனை முடிவு, எடுத்த மருந்துகளும் ஏன் நிறுத்தினார்கள் என்பதும், காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசி அட்டை, உயர வரைபடம் ஆகியவற்றைப் பிரதியெடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படமாகவும் இருக்கட்டும். படிக்கவோ வேலைக்கோ கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும் பிள்ளை முதலில் கட்டும் பெட்டியில் அந்தக் கோப்பும் இரண்டு மாதக் குளிசையும் இருக்க வேண்டும்.